விழா அணியும் முதியோர் கையும்

கிறிஸ்து பிறப்பு விழா அணுகும்பொழுது முதியோர் இல்லங்கட்கும் சிற்றூர்கட்கும் சென்று, ஆங்குள்ள மூத்தோருடன் அமர்ந்து, கையாலே விழா அணிகள் செய்து வருதல் கல்லூரி மாணவரிடையே பரவிவரும் ஒரு வழக்கமாகும். வழக்கம் நல்லதே, அதனை விலக்க யான் புகுந்தேனல்லேன். ஆயினும் அது நடைபெறும் முறையிலே ஒரு பெருங்குறை உளதென்பதும், அக்குறை நீங்கினாலன்றி அதனால் முதியோர்க்கும் நமக்கும் விளையும் பயன் சிறிதேயென்பதும் என் துணிபு. குறை யாதெனின், கற்பிக்க வல்லாரை மாணாக்கராகவும், கற்க வேண்டியவரை ஆசிரியராகவும் இருத்திவிடுதலே.

நடப்பதைக் கூறுகின்றேன். கடையிலே வாங்கிய அட்டை நட்சத்திரங்கள் ஒரு பெட்டியில் வரும். பசையும் மினுக்குப்பொடியும் உடன்வரும். முதியோர் வரிசையாக அமர்த்தப்படுவர். "இவ்விடத்தில் தடவுங்கள் பாட்டி, இதன்மேல் தூவுங்கள் தாத்தா" என்று பதினெட்டு வயதினர் எண்பது வயதினர்க்குக் கற்பிப்பர். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடியும், நிழற்படம் எடுக்கப்படும், கேக்கு வழங்கப்படும். யான் கண்ட ஓர் இல்லத்திலே முதியவர் ஒருவர் சொன்னபடியெல்லாம் பணிவோடு பசை தடவிக்கொண்டிருந்தார். அவர் நாற்பதாண்டுகள் மூங்கில் பிளந்து கூடை முடைந்து பிழைத்தவர் என்பதை அவ்வில்லத்துப் பணியாளர் ஒருவர் எங்களை வழியனுப்பும்போதுதான் தற்செயலாகக் கூறினார். மூங்கிற் பிளாச்சு கொண்டு நட்சத்திரச் சட்டம் கட்டுவது எப்படியென்று எங்களுக்கெல்லாம் கற்பிக்கத்தக்க கை அது. அந்தக் கையில் அட்டையைக் கொடுத்து மினுக்குப்பொடி தூவச் செய்தாயிற்று. "ஐயா, தாங்கள் என்ன தொழில் செய்தீர்கள்?" என்று முன்னரே கேட்டார் எவருமிலர்.

முதுமையைக் குழந்தைமையோடு ஒப்பிட்டுப் பேசுவது ஒரு வழக்காகிவிட்டது. அவ்வொப்புமை பாதியே உண்மை. குழந்தையின் கைக்கு இனி வர வேண்டிய பழக்கம் முதியோர் கைக்கு வந்து, தங்கி, இப்பொழுது வேலையின்றி இருப்பது. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்ற பெயரால் வழங்கும் புலவரை நம் வகுப்பினர் அறிவர். ஊன்றுகோலைக் குறித்து அவர் பாட்டிலே வந்த சொற்றொடரே அவர்க்குப் பெயராயிற்று. இருமலும் தளர்ச்சியுமுற்ற முதியவரொருவர் தம் இளமையை எண்ணி இரங்குவது அப்பாட்டின் பொருள். மருதமரக் கிளையேறி மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்த செய்தியையே அப்பாட்டைப் படித்தோர் பெரிதும் நினைவிற் கொள்வர். அதற்கு முன்னரே அம்முதியவர் கூறுவது வேறொன்று: மணலாற் பாவை செய்து, பூக்கொய்து அதற்கு அணிசெய்ததாகும். தம் வாழ்நாளெல்லாம் நினைந்து, அவர் முதலில் எடுத்துச் சொல்லத் தக்கதாகக் கண்டது ஓர் அணியைக் கையாற் செய்த நினைவே.

நிற்க. கொமரலிங்கத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திருப்பூர் மாவட்டத்திலே, மடத்துக்குளம் வட்டத்திலே, சங்க நூல்கள் ஆன்பொருநை யென்றழைக்கும் அமராவதியின் கரையிலே அமைந்த பேரூர் அது. என் தாயார் பிறந்த ஊர். நெல்லும் கரும்பும் தென்னையும் ஆற்றுக்காலின் நீரால் விளைகின்றன. 2009-ஆம் ஆண்டு திருப்பூர் தனி மாவட்டமானபொழுது இவ்வூர்ப் பகுதியும் அதனுட் சேர்ந்தது. மாவட்டம் சேர்ந்ததற்கு முன்னரே ஊரின் இளைஞர் திருப்பூரைச் சேர்ந்துவிட்டனர் எனலாம். பனியன் தொழிலும் நூற்பாலைகளும் இளங்கைகளை ஈர்த்துக்கொள்ள, பகற்பொழுதிலே பல தெருக்களில் திண்ணைமேல் எஞ்சியிருப்போர் முதியோரே. இது கொமரலிங்கத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் மாநிலத்தில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சற்று மேற்பட்டிருந்தனர்; 2021-ஆம் ஆண்டிற்கு அரசின் புள்ளியியல் துறையார் மதிப்பிட்ட தொகை நூற்றுக்கு 13.6 ஆகும். இம்மதிப்பீட்டில் கேரளத்திற்கு அடுத்தபடி நிற்பது தமிழ்நாடே.

இங்கே ஒரு வியப்பைக் காண்க. மேலைநாட்டார் கிறிஸ்துமஸ் நாளில் உடுத்தும் பனியனாடைகளிற் பல திருப்பூரிலே தைக்கப்பட்டு, விழாவிற்குத் திங்கள் சில முன்னதாகவே கப்பலேறுகின்றன. சிவப்பும் பச்சையுமாக வெட்டுத்துணிகள் மூட்டை மூட்டையாக நிறையிட்டு விற்கப்படுகின்றன. எந்திரம் துடைக்கவும், மீண்டும் பஞ்சாக்கி நூற்கவும் செல்கின்றன. அதே திங்களில் நம்மூர்க் கிறிஸ்தவர் கடைக்குச் சென்று, சீன நாட்டினின்றும் வந்த பிளாஸ்டிக்கு மாலைகளை வாங்குகின்றனர். உலகத்துக் கிறிஸ்துமஸ் அணிகளிற் பெரும்பங்கு சீனத்து ஈவூ நகரிலிருந்து வருவதென்பர். ஈவூவின் மேல் எனக்குப் பகையில்லை. அங்கும் தொழிலாளர் உழைத்தே பிழைக்கின்றனர். ஆயின் வெட்டுத்துணியும் தென்னோலையும் வேலையற்ற திறமையும் ஓரூரிலேயே கிடக்க, அவ்வூரார் அணிக்கு அலைவது எனக்கு விளங்கவில்லை.

அத்திறமைதான் யாது? சென்ற மார்கழி விடுமுறையில் என் அம்மாயியார் வீட்டுத் திண்ணையிலே, அண்டை வீட்டு மூத்தோர் சிலருடன் யான் கண்டவற்றைச் சொல்லுகின்றேன். தென்னங்குருத்தோலையைப் பின்னிப் பந்து செய்யும் வகையை அம்மாயியார் அறிவார்; குழந்தைகட்கு விளையாட்டாகச் செய்து கொடுத்தது. ஓலைப்பந்தினைக் கூர்ந்து நோக்கினேன். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி யுருண்டை இருக்கிறதே, அதன் வேலையை இது முற்றும் செய்யும். உடையாது, காயக் காயப் பொன்னிறங் கொள்ளும். அக்கண்ணாடி யுருண்டையும் முதலில் ஆலையிற் பிறந்ததன்று. செருமனியில் தூரிங்கிய நாட்டு லௌஷா என்னும் மலையூரிலே, 19-ஆம் நூற்றாண்டில், வீட்டுக்கு வீடு குடும்பத்தார் கூடி ஊதிச் செய்தனர். ஆடவர் ஊத, பெண்டிரும் சிறாரும் வெள்ளிநீர் பூசியும் வண்ணந் தீட்டியும் முடித்தனர். அவ்வூரார் தம் தொழிலாகிய கண்ணாடியைக்கொண்டு விழாவிற்கு அணி செய்தனர். நாம் நமக்குரியதைக்கொண்டு செய்யாது அவர்க்குரியதன் போலியைப் பிளாஸ்டிக்கில் வாங்குகின்றோம்.

அண்டை வீட்டுப் பெரியவரொருவர், எழுபத்தைந்து கடந்தவர், வாழ்நாளெல்லாம் பண்ணையில் உழைத்தவர். அவரிடம் நட்சத்திரம் செய்யவேண்டுமென்றபோது, "மூங்கிலுக்கு எங்க கண்ணு போறது? சோளத்தட்டு இருந்தாக் கொண்டா" என்றார். மாட்டுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து நேரானவற்றைப் பொறுக்கினார். மேற்றோலை நகத்தால் உரித்தார். உள்ளே வெண்மையான நெட்டி தோன்றிற்று. உரித்த தோல் காய்ந்து விறைப்பாயிருக்கும். அதனையே ஆணியாக நறுக்கி, ஒரு நெட்டித் துண்டினின்றும் மற்றொன்றிற் செருகினால் இரண்டும் இணைந்துவிடும். பசையும் வேண்டா, கம்பியும் வேண்டா. சிறுவயதிலே மாடு மேய்க்கையில் இவ்வாறு வண்டியும் ஏரும் செய்து விளையாடினாராம். ஐந்து தட்டுகளை ஒன்றன்மேலொன்று குறுக்கிட்டு ஐம்முனை நட்சத்திரம் ஒன்று. அதே அளவில் மற்றொன்று. இரண்டினையும் முனைகளிற் கட்டி, உள்ளே குறுக்கிடும் ஐந்து இடங்களில் விரற்கடை நீளத் துண்டுகள் ஐந்தினை நிறுத்தினால், நடுப்புடைத்த சட்டம் அமைந்துவிடுகிறது. வண்ணத்தாள் ஒட்டிய மூங்கில் நட்சத்திரங்களின் சட்டமும் இதுவே. யான் துணைக்கு வாங்கிப்போயிருந்த கத்தரியை அவர் ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்துவிட்டு ஒருபுறம் வைத்துவிட்டார்.

நெட்டியாற் கலைப்பொருள் செய்தல் தஞ்சையிலே தொன்றுதொட்டு வருவதும், 2020-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதும் பலர் அறிந்ததே. அது நீர்நிலைச் செடியின் நெட்டி. இது மாட்டுத்தீவனத்தின் நெட்டி. குறியீடு பெறாத கைத்திறம் ஊர்தோறும் உளது என்று சொல்லவே இதனை எடுத்துக்காட்டினேன்.

பனியன் வெட்டுத்துணியின் இயல்பு ஒன்றும் அன்று கண்டேன். ஒற்றைப் பின்னலான பனியன் துணியைக் குறுக்காக ஒரு விரலகலம் நாடாவாக வெட்டி, இருமுனையும் பற்றி இழுத்தால், அது தானே உட்சுருண்டு கயிறு போலாகிவிடும். நெய்த துணியைப்போல ஓரத்தில் நூல் பிரிந்து உதிராது. மடித்துத் தைக்கவும் வேண்டா. கை நடுக்கமுடையாரும் கண்பார்வை மங்கினாரும் செய்வதற்கு இதனினும் ஏற்றது பிறிதில்லை. திருப்பூருக்குச் சென்று பல்லாண்டு பிசிறு வெட்டித் திரும்பிய மூதாட்டி ஒருவர் அதனை முப்புரியாகப் பின்னி, சிவப்பும் வெள்ளையுமாக மாலை தொடுத்தார். முதியோர்க்குக் கண் தெரியாது, கை நடுங்கும், ஆதலின் எளிய ஒட்டுவேலையே கொடுக்கவேண்டும் என்பார்க்கு இதுவே என் விடை. ஒட்டுவேலைக்குத்தான் நுண்பார்வை வேண்டும். பின்னலைக் கையே அறியும்.

கோலத்தைக் கூறாது விடலாகாது. ஊடுபுள்ளி வைத்து அறுமுனை நட்சத்திரம் இடுதல் நம் மூதாட்டியர்க்கு மூச்சு விடுதலைப்போல எளிது. ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று உலகெங்கும் வழங்கும் பல்முனைத் தாள்விளக்கினை ஈண்டு நினைக்கலாம். மொரேவிய சபையார் செருமனியில் நீஸ்கி என்னுமிடத்தில் நடத்திய பள்ளியிலே, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாணவர்க்கு வடிவக் கணிதம் விளங்குமாறு செய்வித்த கைவேலையினின்றும் பிறந்தது அது. அச்சபையார் 1760-ஆம் ஆண்டிலே நம் தரங்கம்பாடிக்கும் வந்து ஊழியம் செய்தவராவர். கணிதத்திலிருந்து அணி பிறந்ததை அங்கே பள்ளி கற்பித்தது. இங்கே வாசல் கற்பித்தது. அம்மாயியார் இட்ட நட்சத்திரக் கோலத்தைத் தாளிற் படியெடுத்து, அதன் அளவு கொண்டே நாங்கள் வண்ணத்தாள் வெட்டினோம். அளவுகோலால் முன்னர் வெட்டியதினும் அது செவ்விதாய் அமைந்தது.

இவ்விடத்தே சபையாருள் ஒருசாரார் தடை கூறுவர். ஓலைத்தோரணமும் கோலமும் பிற சமயத்தார் வழக்கமன்றோ, கிறிஸ்து பிறப்பு விழாவில் அவற்றைக் கொணர்தல் தகுமோ என்பர். அவரிடம் யான் கேட்பது ஒன்றே. குருத்தோலை ஞாயிறன்று தாம் கையில் ஏந்தும் ஓலைச்சிலுவையைப் பின்னியவர் யாவர்? ஆலயந்தோறும் அவ்வேலையறிந்த மூத்தோர் சிலர் இருப்பர்; முந்தின மாலை அமர்ந்து, பேசிக்கொண்டே பின்னுவர். பங்குனியில் தூய்தாயிருந்த ஓலை மார்கழியில் எவ்வாறு தூய்மை கெடும்? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சி யென்னும் நாடகவகையை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறத்தியும் சிங்கனும் வரும் அவ்வகையைப் பாடியதனால் அவர் விசுவாசம் குன்றிற்றென்று உரைத்தாரை யான் கண்டிலேன். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகளார் 1223-ஆம் ஆண்டில் கிரேச்சியோ என்னும் இத்தாலியச் சிற்றூரிலே பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அவ்வூரிற் கிடைத்த வைக்கோலும், அவ்வூர் மாடும் கழுதையுமே போதுமாயிருந்தன. பிலிப்பைன்சு நாட்டார் தம் நாட்டு மூங்கிலையும் மெல்லிய தாளையும் கொண்டு பரோல் என்னும் நட்சத்திர விளக்குகள் செய்து வீடுதோறும் தூக்குகின்றனர். நம் குடிலின் கூரைக்குத் தென்னங்கீற்றும், இடையர்க்குப் போர்வையாகப் பன்னாடையும் ஏன் கூடா?

மற்றொன்று. லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே பிறப்பு வரலாறு முதியோரைக்கொண்டே தொடங்கி முதியோரைக்கொண்டே நிறைவதை நம்மிற் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. தொடக்கத்திற் சகரியாவும் எலிசபெத்தும், இருவரும் வயதுசென்றவர். முடிவிலே தேவாலயத்தில் குழந்தையைக் கையிலேந்திய சிமியோனும், எண்பத்துநான்கு வயதைக் குறித்துச் சொல்லப்பட்ட அன்னாளும். இடையர் வருகின்றனர், சாஸ்திரிகள் வருகின்றனர், ஒட்டகமும் வருகிறது. நம் குடில்களில் இம்முதியோர்க்கு மட்டும் இடமில்லை. காலமுறையால் அவர் பின்னர் வருபவர் என்று கூறலாம். சாஸ்திரிகளும் அன்றிரவே வந்தாரல்லரே! களிமண்ணால் ஓர் அன்னாள் செய்து வைக்க எவரேனும் முற்படின், அவருக்கு யான் மண் பிசைந்து கொடுப்பேன்.

பணத்தைப் பற்றிய பேச்சு எஞ்சியிருக்கிறது. அதனை நாம் நாணி மறைத்தல் ஆகாது. மூத்தோருடன் செய்த அணிகளை விற்பனைக்கு வைத்து, வந்த தொகையை ஏதேனும் ஒரு நிதிக்குச் சேர்ப்பது சில இடங்களில் வழக்கம். நோக்கம் நல்லதாயினும் எனக்கு அது உடன்பாடன்று. பனியன் நாட்டிலே ஒவ்வொரு கையும் எண்ணிக்கைக் கூலியை அறிந்த கை. ஒரு பொருள் விலைபோயிற்றென்றால் அதைச் செய்தவருக்குக் கூலி உண்டென்பது இங்குக் குழந்தையும் அறியும். முதியோர் என்பதனால் அவர் உழைப்பு இலவசமாகிவிடாது. ஆகலின் விற்பதாயின் கூலி கொடுத்தல் வேண்டும். அதனை உதவியென்றும் அன்பளிப்பென்றும் பெயர் மாற்றிக் கொடுத்தலும் வேண்டா. விற்காமல் ஆலயத்துக்கும் வீட்டுக்கும் தூக்குவதாயின் கூலிப்பேச்சு இல்லை. அங்கே செய்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி அணியின்கீழ்த் தொங்கவிட்டாற் போதும். செய்த மாணவர் பெயர்களைப் பலகையில் எழுதுகின்றோமன்றோ!

நேரமும் நம் நேரமாக இராது அவர் நேரமாக இருக்கவேண்டும். ஒரு மணிக்குள் முடிக்கும் நிகழ்ச்சியாக இதனை அமைத்தலே மினுக்குப்பொடிக்கு நம்மைத் தள்ளியது. சோளத்தட்டு உரிப்பவர் நடுவிலே வெற்றிலை போடுவார், மருமகளைப் பற்றிப் பேசுவார், சிறிது கண்ணயர்வார். எங்களுக்கு மூன்று நாட்கள் சென்றன. செய்தவை ஐந்து நட்சத்திரமும் இருபது ஓலைப்பந்தும் ஒரு நீண்ட மாலையுமே. கடையிலே அரைமணியில் இதற்கு மேல் வாங்கிவிடலாம் என்பது உண்மை. அம்மூன்று நாளில் யான் கற்ற ஓலைமுடிச்சு நான்கு. அவற்றிலொன்று இன்னும் எனக்குச் சரியாக வாராது.

கல்லூரித் தோழர்க்கு என் வேண்டுகோள் இதுவே: வரும் மார்கழியில் பெட்டியை வெறுமையாகக் கொண்டுசெல்க. சென்றவுடன் பசையை எடாது, அவர் செய்த தொழிலையும், சிறுவயதில் விளையாட்டாகச் செய்த பொருளையும் கேட்க. கிடைக்கும் விடையைக்கொண்டு அணியை முடிவு செய்க. முதலில் முடிந்த அணியைச் செய்தவர் வீட்டிலேயே தூக்குக. ஆலயத்துக்கும் கல்லூரிக்கும் பின்னர் வரட்டும்.

கொமரலிங்கத்திலே முதல் நட்சத்திரம் அப்பெரியவர் வீட்டு இறவாணத்தில்தான் தொங்கிற்று. அவர் கிறிஸ்தவரல்லர். தெருவிலே போவோர் கேட்டால், தட்டு உரிக்கும் வகையையே விளக்கிக்கொண்டிருந்தாராம். பொங்கல் கழிந்த பின்னும் அதனை அவர் அவிழ்க்கவில்லை என்றும், அணில் ஒன்று ஒரு முனையைக் கொறித்துவிட, புதுத்தட்டு ஒன்று செருகிச் சரிசெய்துவிட்டார் என்றும் தை மாதக் கடைசியில் அம்மாயியார் தொலைபேசியிற் கூறினார்.